‘ஃபுல் லோடு’ சிஸ்டத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் டிடிபி கடையோ போட்டோ ஸ்டுடியோவோ வைத்திருப்பவர்களுக்கு ‘ஃபுல் லோடு’ என்றால் விளக்கம் தேவையில்லை. அசெம்பிள் சிஸ்டம் கடைக்கு வந்து இறங்கும்போதே விண்டோஸ், ஆபீஸ், கோரல்டிரா, போட்டோஷாப், பேஜ்மேக்கர், ஆயிரத்துச் சொச்சம் தமிழ் ஃபான்ட் எல்லாம் உள்ளே ஏறியிருக்கும். பில்லில் மதர்போர்டு, ராம், கேபினட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருக்கும். சாஃப்ட்வேருக்கு மட்டும் வரியே இருக்காது. எங்கள் கடைக்கு வந்த சிஸ்டங்களும் அப்படி வந்தவைதான். அதில் ஒன்றின் வழியாக ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் புரோகிராம், புகுந்து, முகூர்த்த சீசன் நடுவில் கடையின் வேலை மொத்தத்தையும் பூட்டிவிட்டது. அது எப்படி நடந்தது, எது திரும்பக் கிடைத்தது, எது போனது, பிறகு எதை எதால் மாற்றினோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன். அந்த நாட்களில் இதைத் தமிழில் யாராவது எழுதி வைத்திருந்தால் பாதி இழப்பாவது தவிர்ந்திருக்கும்.

தொடக்கம் மிகச் சாதாரணமான ஒரு தேவை. சென்னை டிசைனர் ஒருவர் கல்யாணப் பத்திரிகையைக் கோரல்டிராவின் சிடிஆர் ஃபைலாக அனுப்பினார். கோரலில் புதிய வெர்ஷனில் சேமித்த ஃபைல் பழைய வெர்ஷனில் திறக்காது. நம் ஊரில் புது கிராக் தேடப்படுவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். அதற்குத் தீர்வு ஒரு போன்காலில் இருக்கிறது: அனுப்பியவரிடம் ‘சேவ் ஆஸ்’ போய்ப் பழைய வெர்ஷனைத் தேர்ந்து சேமித்துத் தரச் சொல்லலாம், அல்லது எழுத்தை எல்லாம் கர்வ் போட்டு, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வடிவமாக மாற்றி, பிடிஎஃப் கேட்கலாம். சர்வீஸுக்கு வந்த பையன் வேறு வழியில் போனான். “அண்ணே, ஆன்ட்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டுத்தான் இதைப் போடணும், இல்லேன்னா விடாது” என்று சொல்லிவிட்டு விண்டோஸோடு வரும் ஆன்ட்டிவைரஸான டிஃபெண்டரை அணைத்தான், சி டிரைவ் முழுவதையும் எக்ஸ்க்ளூஷனில், அதாவது ஆன்ட்டிவைரஸ் பார்க்காமல் விடும் பட்டியலில், சேர்த்தான், திருட்டுச் சாவி உருவாக்கும் கீஜென்னை அட்மின் உரிமையோடு ஓட்டினான். கோரல் திறந்தது. அவனும் போய்விட்டான்.

கிராக்கின் ஆபத்து முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. கிராக் என்பது இன்னொருவருடைய புரோகிராமின் பூட்டை உடைக்கும் புரோகிராம் என்பதால் ஆன்ட்டிவைரஸ் கத்தத்தான் செய்யும். அது நல்ல கிராக்கா, உள்ளே வேறு சரக்கு வைத்த கிராக்கா என்று பிரித்துப் பார்க்க நம்மிடம் எந்த வழியும் இல்லை. எச்சரிக்கை மணியை அணைத்துவிட்டு, முகம் தெரியாத ஒருவர் எழுதிய புரோகிராமுக்கு அட்மின் உரிமை கொடுக்கிறோம். ‘ஸ்டாப்’ அல்லது ‘டிஜேவியூ’ என்று அழைக்கப்படும் ரான்சம்வேர் குடும்பம் இந்தப் பழக்கத்தை நம்பியே வாழ்ந்தது. அது பொதுவாக மெயிலில் வருவதில்லை. கிராக், கீஜென், ஆக்டிவேட்டர் இவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும்.

அது வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன், அடையாளம் தெரிந்துகொள்ள உதவும். திரையில் விண்டோஸ் அப்டேட் போலவே ஒரு பெட்டி வரும். நாமும் அப்டேட் ஆகட்டும் என்று விட்டுவிடுவோம். அந்த நேரத்தில் ஃபைல்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படும். விண்டோஸ் வைத்திருக்கும் பழைய நகல்கள் அழிக்கப்படும். பாதுகாப்புத் தளங்கள் திறக்காதபடி, தள முகவரிகளைத் திருப்பிவிடும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் வரிகள் சேரும். குறித்த நேரத்தில் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் ‘டைம் டிரிகர் டாஸ்க்’ என்று ஒன்று உட்கார்ந்துகொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் ஓடும். காலையில் கடை திறந்தால் ஐகான்கள் எல்லாம் வெள்ளையாக இருக்கும். ஃபைல் பெயருக்குப் பின்னால் நான்கெழுத்து வால் ஒன்று ஒட்டியிருக்கும். ஃபோல்டர்தோறும் ‘ரீட்மீ’ என்று ஒரு சீட்டு கிடக்கும். அதில் 980 டாலர் கேட்டிருந்தார்கள், 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி, 490 டாலர். நம் பணத்தில் பாதியே 40,000 ரூபாய்க்கு மேல். அதைப் படித்தபோது கை நடுங்கியது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை, கேட்டாலும் “ஃபார்மட் அடிச்சிடுங்க” என்பதுதான் பதிலாக வந்தது.

ஃபார்மட் அடிக்காதீர்கள். முதலில் லேன் கேபிளையும் வைஃபையையும் துண்டியுங்கள், பிறகு சிஸ்டத்தை அணையுங்கள். அந்த ஐந்து நிமிட டாஸ்க் இருக்கும் வரை, ஃபைலைக் காப்பாற்றலாம் என்று நீங்கள் செருகும் பென்டிரைவும் பூட்டப்படும். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி அப்படியே தனியாக வையுங்கள், புது டிஸ்க் போட்டு வேலையைத் தொடங்குங்கள். ரீட்மீ சீட்டையும் பூட்டப்பட்ட சில ஃபைல்களையும் பத்திரப்படுத்துங்கள். சீட்டில் உள்ள பெர்சனல் ஐடி ‘டி1’ என்று முடிந்தால் அது ஆஃப்லைன் சாவி, அந்தச் சாவி எப்போதாவது வெளியே வந்தால் ஃபைல்கள் திறக்க வாய்ப்பு உண்டு. வேறு மாதிரி முடிந்தால் உங்களுக்கென்று தனியாக உருவாக்கிய சாவி. எம்சிசாஃப்ட் என்ற ஆன்ட்டிவைரஸ் நிறுவனம் 2019 அக்டோபரில் இலவசத் திறப்பான் ஒன்றை வெளியிட்டது. அது 2019 ஆகஸ்டுக்கு முந்தைய பழைய வகைகளுக்குத்தான் நன்றாகக் கைகொடுக்கும். யூரோபோல் பங்கெடுக்கும் ‘நோ மோர் ரான்சம்’ தளத்திலும் சோதித்துப் பார்க்கலாம். யூடியூபில் திறந்து தருகிறோம் என்று வருபவர்களை நம்ப வேண்டாம். இந்த வகைக்கான திறப்பான் என்ற பெயரிலேயே 2020இல் இன்னொரு ரான்சம்வேர் சுற்றியது, பூட்டிய ஃபைலை அது இரண்டாம் முறையும் பூட்டியது.

அடுத்தது பாஸ்வேர்டு. இந்தக் குடும்பம் பெரும்பாலும் தனியாக வருவதில்லை, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் புரோகிராமையும் கூட்டி வரும். ஜிமெயில், பேங்க், ஜிஎஸ்டி போர்ட்டல் எல்லாவற்றையும் வேறொரு சுத்தமான போனிலிருந்து உடனே மாற்றுங்கள், ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்துங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும், போகாவிட்டாலும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யலாம்.

இனி ஃபைல்களை மீட்பது. இது எனக்கு யாரும் சொல்லாத பகுதி என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். இந்த ரான்சம்வேர் ஒவ்வொரு ஃபைலையும் முழுதாகப் பூட்டுவதில்லை. வேகத்துக்காக முதல் 150 கேபி அளவை மட்டும் பூட்டிவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விடும். அதனால் எந்த வகை ஃபைல் என்பதைப் பொறுத்து விதி மாறும். தேவகோட்டைக் குடும்பம் ஒன்றின் சஷ்டியப்தபூர்த்தி மலருக்காக, பர்மாவில் எடுத்த பழைய படங்களை 600 டிபிஐயில் கம்ப்ரஷன் இல்லாத டிஃப் ஆக ஸ்கேன் செய்திருந்தோம். 6க்கு 4 அங்குலப் படம் என்றால் 3600க்கு 2400 பிக்சல். ஒரு பிக்சலுக்கு 3 பைட் வீதம் ஒரு வரிசைக்கு 10,800 பைட். 150 கேபி போனால் போவது மேலே சுமார் 14 வரிசை, அச்சில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மீதிப் படம் முழுதாக உள்ளே இருக்கிறது, திறப்பதற்கான தலைப்பகுதிதான் இல்லை. அந்த ஃபைலை நகலெடுத்து, ஜிம்ப் என்ற இலவசப் படம் திருத்தும் மென்பொருளில் திறக்கும்போது ஃபைல் வகையை ‘ரா இமேஜ் டேட்டா’ என்று தேர்ந்து, ஆர்ஜிபி, அகலம் 3600, உயரம் 2400 கொடுங்கள். அகலம் ஒரு பிக்சல் தப்பினாலும் படம் சரிந்து கோடுகோடாகத் தெரியும். ஆஃப்செட், அதாவது படத்தின் தரவு ஃபைலில் தொடங்கும் இடம், ஒரு பைட் தப்பினால் நிறம் மாறும். அதே ஸ்கேனரில் எடுத்த நல்ல டிஃப் ஒன்று இருந்தால் ஆஃப்செட் எவ்வளவு என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். இரங்கூன் கிட்டங்கி வாசலில் நின்ற ஐயாக்கள் இப்படித்தான் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

ஜேபெக்கில் இந்த வழி எடுபடாது. பிக்சல்கள் சுருக்கி வைக்கப்பட்டிருப்பதால் தலைப்பகுதி போனால் மீதியைப் படிக்கவே முடியாது. அதே கேமராவில், அதே தரத்தில் எடுத்த வேறொரு படத்தின் தலைப்பகுதியைக் கொண்டு சில மென்பொருள்கள் கொஞ்சம் மீட்கும். கல்யாண ஆல்பத்துக்காக வாட்ஸாப்பில் வந்த சின்னப் படங்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை, பல படங்களின் மொத்த அளவே 150 கேபிக்குள்தான். பெரிய வீடியோக்களும் ஜிப் ஃபைல்களும் ஓரளவு மீண்டன. கோரலின் சிடிஆரும் போட்டோஷாப்பின் பிஎஸ்டியும் பெரும்பாலும் போயின. கோரல் தானாக எடுக்கும் பேக்கப் ஃபைல்களும் அதே ஃபோல்டரில் இருந்ததால் அவையும் பூட்டப்பட்டன.

செய்து முடித்த பத்திரிகைகளை மறுபடி டைப் அடித்தது, தள்ளிப்போன வேலைகளுக்குத் திருப்பிக் கொடுத்த முன்பணம், புது டிஸ்குகள், நின்றுபோன நாட்களின் கூலி எல்லாம் சேர்த்து 1,30,000 ரூபாயைத் தாண்டியது. பணம் ஒருவழியாகத் திரும்பிவிடும். மனதை அறுத்தது வாடிக்கையாளர்களுக்குப் போன் செய்ததுதான். “ஆச்சி, உங்க வீட்டுப் படம் சிலது போயிருச்சு” என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆச்சிக்குக் கோரல் என்றால் என்ன என்றே தெரியாது. ஒரிஜினல் படங்கள் மலேசியாவிலிருந்து வந்து திரும்பப் போய்விட்டவை, அதில் சில அங்கேயும் இப்போது இல்லை. திருட்டு சாஃப்ட்வேர் பற்றிப் பேசும்போது ‘அவ்வளவு பெரிய கம்பெனிக்கு நாம் கொடுக்கும் காசா பெரிது’ என்பார்கள். அந்தப் பேச்சில் இரண்டே பேர்தான் இருக்கிறார்கள், பெரிய கம்பெனியும் சின்னக் கடையும். நம்பிக் கொடுத்த மூன்றாவது ஆள் அதில் இல்லவே இல்லை. விலை கொடுத்தது அவர்தான். செட்டிநாட்டில் கணக்கு எழுதத் தெரியாதவர் கிடையாது. பேரேட்டில் நம் பக்கம் வரவு வைத்துவிட்டு, பற்றை அவர் கேட்காமலே இன்னொருவர் பெயரில் எழுதுவதை இந்த ஊர் எந்தக் காலத்திலும் நியாயம் என்று சொன்னதில்லை.

விலையைப் பற்றிய குறை நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. டாலரில் சம்பாதிக்கும் டிசைனருக்கும் காரைக்குடியில் ஒரு பக்கம் டைப் அடித்துக் காசு வாங்கும் கடைக்கும் மென்பொருள் செலவு ஒரே பாரமாக இருக்காது. ஆனால் அந்தக் குறைக்குப் பதில் கிராக் இல்லை. இலவசமாகவே உரிமையோடு கிடைப்பவற்றை முதலில் எடுத்துக்கொண்டு, தவிர்க்க முடியாத ஒன்றை மட்டும் காசு கொடுத்து வாங்கினால் கடைக்குக் கட்டுப்படியாகும். சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன்: 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டர் புரோகிராமைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தாதவருக்கு நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். கடை வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை.

உங்கள் சிஸ்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கம் போனால், விண்டோஸ் உங்கள் ‘ஆர்கனைசேஷன்’ சேவை மூலம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று ஒரு டிடிபி கடை சிஸ்டத்தில் வந்தால் அது கேஎம்எஸ் கிராக். பெரிய நிறுவனங்களில் ஒரு சர்வர் மூலம் எல்லாச் சிஸ்டத்துக்கும் 180 நாளைக்கு ஆக்டிவேஷன் கொடுக்கும் முறையை, உங்கள் சிஸ்டத்துக்குள்ளேயே ஒரு போலி சர்வர் வைத்து ஏமாற்றுகிறார்கள். ‘டிஜிட்டல் லைசன்ஸ்’ என்று வந்தால் பொதுவாக நல்லது. அடுத்து விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் சேர்க்காத ஃபோல்டரோ சி டிரைவோ அங்கே இருந்தால், அந்த இடத்தில் ஆன்ட்டிவைரஸ் இருந்தும் இல்லாததுதான். ஹோஸ்ட்ஸ் ஃபைலை நோட்பேடில் திறந்து, அடோபி முகவரிகள் 127.0.0.1க்கு, அதாவது உங்கள் சிஸ்டத்துக்கே, திருப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

விண்டோஸுக்குப் பலர் வீணாகப் பயப்படுகிறார்கள். டெல், ஹெச்பி, லெனோவோ போன்ற பிராண்டட் சிஸ்டங்கள், விண்டோஸோடு விற்கப்பட்டவை என்றால், விண்டோஸ் 8 காலத்திலிருந்து லைசன்ஸ் சாவியை மதர்போர்டில் உள்ள பயாஸிலேயே வைத்து வருகின்றன. சர்வீஸ்காரர்கள் அதன் மேல் ‘ப்ரோ’ கிராக்கை ஏற்றி மறைத்துவிடுகிறார்கள். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, அதே எடிஷனைச் சுத்தமாக ஏற்றினால், விண்டோஸ் 10 அல்லது 11 உடன் வந்த சிஸ்டம் காசில்லாமல் தானே ஆக்டிவேட் ஆகும். எங்கள் செகண்ட்ஹாண்ட் டெல் டவருக்கு இப்படியே லைசன்ஸ் திரும்பியது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் சாவிகள் பெரும்பாலும் நிறுவனங்களுக்குக் கொடுத்த சாவிகளைச் சில்லறையாக விற்பது, எப்போது வேண்டுமானாலும் செத்துப்போகும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

டிசைனுக்குக் கோரலை ஒரே ஒரு சிஸ்டத்துக்கு மட்டும் வாங்கினோம், வெளியிலிருந்து வரும் சிடிஆர் எல்லாம் அங்கே திறக்கும். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்தப் பில்லுக்குக் கட்டிய 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். மற்ற சிஸ்டங்களில் இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பும் (வரைவதற்கு) ஸ்க்ரைபஸும் (பக்கம் அமைப்பதற்கு). இங்க்ஸ்கேப் சிடிஆரை ஓரளவு திறக்கும், லென்ஸ் எஃபெக்ட், சில கிரேடியன்ட் எல்லாம் சிதையும். அதன் பிடிஎஃப் திரைக்கான நிற முறையான ஆர்ஜிபியில்தான் வரும், அப்படியே சிவகாசிக்கு அனுப்பினால் குங்குமச் சிவப்பு மங்கி வரும். அதனால் வரைவதை இங்க்ஸ்கேப்பில் வரைந்து, எழுத்தை ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ போட்டு, ஸ்க்ரைபஸில் கொண்டுவந்து நிறங்களை அச்சுக்கான சிஎம்ஒய்கேயில் குறித்து, அச்சுக்கென்றே உள்ள பிடிஎஃப் எக்ஸ் வகையில் எடுங்கள். 2024 ஜனவரியில் வந்த 1.6 முதல் ஸ்க்ரைபஸின் நிலையான பதிப்பிலேயே தமிழ் எழுத்து உடையாமல் நிற்கிறது. போட்டோஷாப் கட்டாயம் வேண்டும் என்றால் முழுத் தொகுப்பை வாங்காதீர்கள். மாதக் கட்டணம் போலத் தெரியும் ஆண்டுத் திட்டத்தை 14 நாளுக்குப் பிறகு ரத்து செய்தால், மீதி மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கட்ட வேண்டிவரும்.

தமிழ் ஃபான்ட் விஷயத்தில்தான் எனக்கு மனம் அதிகம் கொதிக்கிறது. அடோபிக்கு நம் கிராக்கால் என்ன நஷ்டம் என்று வாதிடலாம். தமிழ் ஃபான்ட் வரைபவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. கொம்பும் காலும் சுழியும் ஒன்றோடொன்று இடிக்காமல் ஒவ்வொரு எழுத்தாக வரைந்து, வருடக்கணக்கில் உழைத்ததை ‘ஆயிரம் ஃபான்ட்’ ஃபோல்டரில் பெயர்கூட மாற்றி வைத்திருக்கிறார்கள். கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது இந்த ஊரே மகிழ்ந்தது. கட்டத்தையும் கரையையும் பார்த்துப் பவர்லூமில் அடித்துக் காரைக்குடிச் சேலை என்று விற்றால் நமக்கு வயிறு எரிகிறது. எழுத்து வரைபவருக்கும் அதே வயிறுதான்.

உரிமையோடு இலவசமாகவே நிறைய இருக்கிறது. கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், ஏக் டைப் குழுவின் முக்த மலர், பலூ தம்பி, அனெக் தமிழ், தாரிக் அஸீஸ் வரைந்த கவிவனார், பவனம் இவை எல்லாம் ஓப்பன் ஃபான்ட் லைசன்ஸில் வருபவை. பத்திரிகை அடித்துக் காசு வாங்கலாம், ஃபைலுக்குள் பதிக்கலாம், ஃபான்ட்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது. பத்திரிகைத் தலைப்புக்கு உருண்டையான பழைய அழகு வேண்டும் என்றால் செய்தவரிடமே காசு கொடுத்து வாங்குங்கள், எத்தனை சிஸ்டத்துக்கு உரிமை என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் இருக்கும் சரக்கை யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வர்ட்டர் இலவசமாகக் கிடைக்கிறது. மாற்றியதும் அப்படியே அச்சுக்கு அனுப்பாதீர்கள். பழைய ஃபான்ட்டில் காலும் ‘ர’வும் ஒன்றுபோல் இருப்பதால் டைப் அடித்தவர்கள் ஒன்றுக்கு இன்னொன்றை அடித்திருப்பார்கள். ‘செட்டியார்’ என்பதன் கடைசி எழுத்தில் ‘ர்’ இருக்க வேண்டிய இடத்தில் காலும் புள்ளியும் இருந்தால், யூனிகோடிலும் அந்தப் பிழை அப்படியே வந்து நிற்கும், சில மென்பொருளில் அங்கே ஒரு புள்ளி வட்டமும் தெரியலாம். நம் பக்கத்துப் பத்திரிகையில் அந்தச் சொல் எத்தனை இடத்தில் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் அடித்திருப்பதையும் தேடித் திருத்துங்கள். இடையில் ஆங்கிலத்தில் இருக்கும் மெயில் முகவரி தமிழ்க் குப்பையாக மாறிவிடும், அதை முன்பே வெட்டித் தனியே வையுங்கள். விலாசமும் கோயில் பிரிவும் உள்ள வரிகளை வீட்டாரிடமே ஒருமுறை படிக்கச் சொல்வது நல்லது.

பேக்கப்புக்கு மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று கடைக்கு வெளியே. எப்போதும் செருகியே இருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்கும் சேர்ந்து பூட்டப்படும், எனவே நகலெடுத்ததும் கழற்றி வையுங்கள். கூகுள் டிரைவ் பூட்டப்பட்ட ஃபைலையே மேலே ஏற்றிவிடும். ஆனால் பழைய பதிப்பை அது 30 நாள் வைத்திருக்கும், ‘மேனேஜ் வெர்ஷன்ஸ்’ போய் ஒவ்வொன்றாக எடுக்கலாம். எங்களுக்கு இரண்டு ஆல்பம் அப்படித்தான் தப்பியது.

இனி சிஸ்டம் வாங்கும்போது விண்டோஸ் லைசன்ஸுக்குப் பில்லில் தனி வரி கேளுங்கள். கடைக்காரர் ஃபுல் லோடு என்றால், காலி டிஸ்காகவே தரச் சொல்லுங்கள், ஏற்றுவதை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். சர்வீஸுக்கு வருபவருக்கு அட்மின் பாஸ்வேர்டைக் கொடுக்காமல் தினசரி வேலைக்குச் சாதாரண யூசர் அக்கவுண்ட் வையுங்கள். ஆன்ட்டிவைரஸை ஆஃப் செய்யச் சொன்னால் அந்த வேலை வேண்டாம் என்று சொல்லிக் கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஃபைல் திறக்கவில்லை என்று வரும் வாடிக்கையாளருக்காக, பழைய வெர்ஷனில் சேமிப்பது எப்படி, கர்வ் போட்டுப் பிடிஎஃப் எடுப்பது எப்படி என்று ஒரு சின்ன வாட்ஸாப் செய்தியைத் தயாராக எழுதி வைத்திருக்கிறோம். டிசைனர்கள் பெரும்பாலும் அன்றைக்கே மாற்றி அனுப்பிவிடுகிறார்கள்.